மாற்றப்பட்ட கருவிழி எத்தனை ஆண்டு தெளிவாக இருக்கும்?

கண்தானச் செய்திகள் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன: இறந்தவரின் இரு கண்களும் தானமாகப் பெறப்பட்டன, இருவருக்குப் பார்வை கிடைக்கும். கருவிழி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் வீட்டில் கேள்விகள் அதற்குப் பிறகுதான் எழுகின்றன. ஒருவருக்கு வைத்த கருவிழி இருபது ஆண்டுகளாகத் தெளிவாக இருக்கிறது. அதே மருத்துவமனையில் அதே மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற இன்னொருவருக்கு இரண்டே ஆண்டில் மங்கிவிடுகிறது. தானமாக வந்த கண் சரியில்லை என்றோ, அறுவையில் ஏதோ பிழை நேர்ந்துவிட்டது என்றோ குடும்பத்தார் முடிவுக்கு வருகிறார்கள். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மாற்றப்பட்ட கருவிழியின் ஆயுளை முக்கியமாகத் தீர்மானிப்பவை, அது எப்படிப்பட்ட கண்ணில் வைக்கப்பட்டது என்பதும், அறுவைக்குப் பின்வந்த ஆண்டுகளில் அந்தக் கண் எப்படிக் கண்காணிக்கப்பட்டது என்பதுமே ஆகும். இதைப் புரிந்துகொள்ளக் கருவிழியின் அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

கருவிழி எதனால் தெளிவாக இருக்கிறது?

பெயரில் கருமை இருந்தாலும் கருவிழி கறுப்பல்ல. கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடி போலக் கவிந்திருக்கும் நிறமற்ற படலம் அது. நாம் காணும் கருமையும் பழுப்பும் அதற்குப் பின்னால் இருக்கும் பகுதிகளின் நிறம். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனும் 11 முதல் 12 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட இந்தப் படலத்தைத்தான் மருத்துவர்கள் மாற்றுகிறார்கள். முழுக் கண்ணை மாற்றிப் பொருத்திப் பார்வை தரும் சிகிச்சை இன்னும் இல்லை.

இதன் அடுக்குகளில் மூன்றை நினைவில் வைத்தால் போதும். வெளியே இருப்பது மேல்தோல் படலம். அது தேயத் தேயப் புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கும். நடுவே இருப்பது ஸ்ட்ரோமா. கருவிழித் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு அதுவே. உள்பக்கம், கண்ணின் நீரைத் தொட்டபடி இருப்பது எண்டோதீலியம் எனப்படும் ஒற்றை வரிசை உயிரணுக்கள்.

இந்த ஒற்றை வரிசைதான் இந்தக் கட்டுரையின் மையம். ஸ்ட்ரோமா இயல்பாகவே நீரை உறிஞ்சும் தன்மை உடையது. நீர் ஏறினால் பனி படிந்த கண்ணாடி போல வெளுத்துவிடும். உள்ளே கசியும் நீரை இரவும் பகலும் வெளியேற்றிக்கொண்டிருக்கும் பம்புகளாக எண்டோதீலிய அணுக்கள் வேலை செய்கின்றன. நுண்ணோக்கியின் வழியே பார்த்தால் தேன்கூட்டின் அறுகோணக் கண்ணறைகளைப் போல அவை நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பது தெரியும். நலமான பெரியவர் ஒருவருக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 2,500 முதல் 3,000 வரை இருக்கும். மனிதரின் கண்ணுக்குள் இவை பெருகுவதில்லை. ஒன்று இறந்தால் பக்கத்து அணுக்கள் விரிந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும், அவ்வளவே. எண்ணிக்கை ஏறத்தாழ 500க்குக் கீழே இறங்கும்போது பம்புகள் நீரின் வரத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போய்க் கருவிழி வீங்கி மங்கத் தொடங்குகிறது. தானமாக வரும் கருவிழியோடு ஒரு குறிப்பிட்ட அளவு அணுக்கள்தான் வருகின்றன. அந்த இருப்பு எவ்வளவு மெதுவாகக் கரைகிறதோ அவ்வளவு காலம் பார்வை நிலைக்கும்.

'வெற்றி' என்ற சொல்லுக்குள் இருக்கும் வெவ்வேறு பொருள்கள்

குழப்பத்தின் பெரும்பகுதி சொற்களால் வருவது. மருத்துவர் ஒரு பொருளில் சொல்வதைக் குடும்பத்தார் வேறொரு பொருளில் கேட்டுக்கொள்கிறார்கள்.

1. தெளிவு: மருத்துவ ஆய்வுகளில் 'வெற்றி' என்றால் பெரும்பாலும் பொருத்தப்பட்ட கருவிழி தெளிவாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். அதன் பின்னால் விழித்திரையோ பார்வை நரம்போ கெட்டிருந்தால், கண்ணாடி போன்ற கருவிழி இருந்தும் பார்வை வராது.

2. முதல்நிலைச் செயலிழப்பு: அறுவை முடிந்த நாளிலிருந்து ஒருமுறைகூடத் தெளியாமலே இருந்துவிடுவது. பொதுவாகத் தானத் திசுவில் உயிரணுக்கள் போதாமையாலோ அறுவையின்போது அவை அடிபட்டதாலோ வருவது. இது அரிது.

3. நிராகரிப்பு: பெற்றவரின் நோயெதிர்ப்பு அணுக்கள் பிறருடைய திசுவை அடையாளம் கண்டு தாக்குவது. சில வாரங்களாவது தெளிவாக இருந்த பிறகே இது நிகழும்.

4. செயலிழப்பு: எந்தக் காரணத்தாலானாலும் தெளிவு திரும்பாதபடி போய்விடுவது.

மூன்றாவதும் நான்காவதும் ஒன்றல்ல. நிராகரிப்பு என்பது ஒரு தாக்குதல். உரிய நேரத்தில் மருந்து கொடுத்தால் பல வேளைகளில் அதை அடக்கிக் கருவிழியைக் காப்பாற்றிவிடலாம். 'உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லையாம்' என்று கேட்டதுமே எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்து மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். காப்பாற்றக்கூடிய கண் அந்த நினைப்பினாலேயே இழக்கப்படுகிறது என்பதால் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதற்காரணம்: கண் எதனால் மங்கியது?

மனிதரிடையே வெற்றி பெற்ற முதல் கருவிழி மாற்று அறுவையை 1905 டிசம்பர் 7 அன்று, இன்றைய செக் குடியரசில் உள்ள ஓலமௌட்ஸ் நகரில் எட்வார்ட் சிர்ம் செய்தார். சுண்ணாம்பு பட்டு இரு கண்களும் வெந்துபோன ஒரு கூலித் தொழிலாளிக்கு, காயத்தால் கண்ணை அகற்ற வேண்டியிருந்த 11 வயதுச் சிறுவனின் கருவிழித் திசு வைக்கப்பட்டது. ஒரு கண்ணில் அது நிலைக்கவில்லை. மற்றதில் தெளிவாக நிலைத்தது. அறுவை செய்தவரும் ஒருவர், திசு வந்த இடமும் ஒன்று, பெற்றவரும் ஒருவர், முடிவுகள் இரண்டு. நூறாண்டுகளுக்கும் மேலான அனுபவம் அந்த முதல் நாளின் புதிருக்கு ஓரளவு விடை தந்திருக்கிறது: திசு வந்து அமரும் கண்ணின் நிலைமைதான் அதன் விதியை அதிகம் தீர்மானிக்கிறது.

இதற்கு நம் நாட்டு அனுபவத்திலேயே தெளிவான சான்று உண்டு. ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் தன்னிடம் நடந்த அறுவைகளின் விளைவை 1997இல் வெளியிட்டது. அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்தாண்டுகளின் முடிவில் தெளிவாக இருந்தவை ஏறத்தாழ 46 விழுக்காடு. அதையே நோய்வாரியாகப் பிரித்தபோது கெரட்டோகோனஸ் எனப்படும் கூம்புக் கருவிழி நோய் உள்ளவர்களிடம் 95 விழுக்காடு. முன்பே ஒருமுறை பொருத்தித் தோற்றுப்போன கண்களில் 21 விழுக்காடு. அந்தக் காலத்துக்குப் பின் அறுவை முறைகள் மேம்பட்டிருக்கின்றன என்றாலும் இந்த இடைவெளியின் காரணம் மாறவில்லை. ஆகவே 'வெற்றி வாய்ப்பு எத்தனை விழுக்காடு' என்ற கேள்விக்கு, எந்த நோய், எத்தனை ஆண்டு என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லாத எந்த எண்ணும் விடையாகாது.

இடர் குறைந்தது முதல் மிகுந்தது வரை வரிசைப்படுத்தினால் படம் இப்படி இருக்கும்:

1. கெரட்டோகோனஸ்: கருவிழி மெலிந்து கூம்பு வடிவில் முன்தள்ளும் நோய். பெரும்பாலும் இளைஞர்களுக்கு வருவது. கண்ணில் அழற்சியோ புதிய இரத்தக் குழாய்களோ இருக்காது. சொந்த எண்டோதீலியமும் நலமாக இருக்கும். எனவே இதில் விளைவு மிக நன்றாக இருக்கிறது.

2. எண்டோதீலியம் தேய்ந்த கண்கள்: ஃபுக்ஸ் எனப்படும் பரம்பரைத் தேய்மானமும், கண்புரை அறுவைக்குப் பின் வரும் கருவிழி வீக்கமும் இதில் அடங்கும். விளைவு நடுத்தரம் முதல் நன்று வரை.

3. ஹெர்ப்பிஸ் வைரஸ் தழும்புகள்: வைரஸ் நரம்பு முடிச்சில் உறங்கிக்கிடப்பதால் புதிய கருவிழியிலும் நோய் திரும்பலாம். நீண்ட நாள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுப்பதன் நோக்கம் இதைத் தடுப்பதே. கண்ணில் வலியில்லை என்று மாத்திரையை நிறுத்துவது இதனால்தான் ஆபத்தாகிறது.

4. தொற்று எரிந்துகொண்டிருக்கும்போதே செய்யப்படும் அறுவை: நெல் சுணையோ கரும்புத் தோகையோ கண்ணில் கீறிப் பூஞ்சைப் புண் வருவது தமிழ்நாட்டு வேளாண் தொழிலாளர்களிடம் தெரிந்த கதை. மருந்துக்கு அடங்காமல் கண்ணில் ஓட்டை விழும் நிலை வந்தால், புண்ணை வெட்டியெடுத்து அவ்விடத்தில் தானக் கருவிழியைப் பொருத்துகிறார்கள். இங்கே நோக்கம் கண்ணையே காப்பது; பார்வை இரண்டாம் கட்டம். பொருத்திய கருவிழி பின்னர் வெளுத்துப்போனாலும் தொற்று ஒழிந்து கண் எஞ்சியிருந்தால், அந்த அறுவை தன் நோக்கத்தில் வென்றதாகவே கொள்ள வேண்டும். இதைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே விளக்கிவிட்டால் பின்னால் வரும் மனக்கசப்பு பெரிதும் குறையும்.

5. கண்ணின் மேற்பரப்பே அழிந்த நிலை: அமிலம், சுண்ணாம்பு ஆகியவற்றால் வெந்த கண்களும், மருந்து ஒவ்வாமையால் வரும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோயில் வறண்டுபோன கண்களும் இதில் சேரும். கருவிழியும் வெள்விழியும் கூடும் விளிம்பில்தான் மேல்தோல் படலத்தை ஈன்றுகொண்டிருக்கும் மூல அணுக்கள் இருக்கின்றன. விளிம்பு வெந்துபோனால், எவ்வளவு நல்ல கருவிழியை வைத்தாலும் அதன்மேல் தோல் மூடாது. புண்ணும் இரத்தக் குழாய்களும் ஏறி அதை அழித்துவிடும். எனவே இவ்வகைக் கண்களில் முதலில் விளிம்பு அணுக்களை மீட்க வேண்டும். நலமான மற்றக் கண்ணிலிருந்து சிறு துண்டை எடுத்துப் பல துணுக்குகளாக்கி நட்டு வளர்க்கும் எளிய முறையை 2012இல் ஹைதராபாத்தில் வீரேந்தர் சங்வானின் குழு வெளியிட்டது. வெற்றிலைக்கான சுண்ணாம்புப் பொட்டலம் குழந்தைகளின் கையில் பிதுங்கிக் கண்ணில் தெறிக்கும் விபத்து இந்தியாவில் இன்றும் நடக்கிறது. இப்படி நேர்ந்த நிமிடமே, குழாயடியில் நிறுத்தியாவது, தண்ணீரால் நீண்ட நேரம் கழுவுவது பின்னால் செய்யும் எந்த அறுவையை விடவும் பயன் தரும்.

சிறு குழந்தைகளின் கண் தனி வகை. அவர்களிடம் நோயெதிர்ப்பு வேகம் மிகுதி. தையல்கள் விரைவில் தளரும். என்ன உறுத்துகிறது என்று சொல்லவும் தெரியாது. கருவிழி தெளிந்த பின்னும், மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தப் பழகாவிட்டால் சோம்பல் கண் நிலை தங்கிவிடும்.

தானத் திசு: வயதைவிட அணுக்களின் எண்ணிக்கை

1945இல் இந்தியாவின் முதல் கண் வங்கி சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் தொடங்கப்பட்டபோது, எடுத்த கண்ணை ஓரிரு நாளுக்குள் பயன்படுத்தியாக வேண்டும். ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1964இல் ஐஸ் நிரப்பிய தெர்மாஸ் குடுவையில் வைத்து விமானத்தில் சிங்கப்பூருக்குக் கண்களை அனுப்பியது. இன்று சத்துத் திரவத்தில் 4 டிகிரி குளிரில் 14 நாள் வரை கருவிழியை வைத்திருக்க முடிகிறது; அத்தகைய திரவம் ஒன்றை மதுரையின் ஆரோலேப் நிறுவனமே தயாரிக்கிறது. இந்தக் கால அவகாசத்தில் அணுக்களை எண்ணிப் பார்க்கவும், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை, சிபிலிஸ் சோதனைகளை முடிக்கவும், பொருத்தமான நோயாளியை அழைக்கவும் முடிகிறது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண் எடுக்கப்பட வேண்டும் என்பதன் காரணமும் அந்த ஒற்றை வரிசை அணுக்கள்தான். பார்வைக்கான அறுவைக்குப் பெரும்பாலான கண் வங்கிகள் சதுர மில்லிமீட்டருக்கு 2,000க்கு மேல் அணுக்களை எதிர்பார்க்கின்றன.

முதியவரின் கண்ணை வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடுமா என்ற ஐயம் பரவலாக உண்டு. 1,090 நோயாளிகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்கக் கருவிழிக் கொடையாளி ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஐந்தாண்டு முடிவில் 12 முதல் 65 வயது வரையிலான கொடையாளிகளின் கருவிழியும், 66 முதல் 75 வயது வரையிலானோரின் கருவிழியும் ஒரே அளவில், 86 விழுக்காடு, நிலைத்திருந்தன. பத்தாண்டில் முறையே 77, 71 விழுக்காடு. மிக இளையவர்களின் திசு கூடுதலாகவும் எழுபதைத் தாண்டியவர்களின் திசு குறைவாகவும் நிலைத்தாலும், இடைப்பட்ட பெரும்பகுதியில் வயதால் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. தாத்தாவின் கண்களைத் தானம் செய்யத் தயங்கும் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி இது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பத்தாண்டு கழித்தும் தெளிவாக இருந்த கருவிழிகளிலேயே எண்டோதீலிய அணுக்களில் முக்கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தன. அதாவது நிராகரிப்பே நேராத கண்ணிலும் இருப்பு கரைகிறது. தெளிவாகத் தோன்றும் கருவிழி விளிம்பில் நின்றுகொண்டிருக்கலாம். பல ஆண்டுகளுக்குப் பின் வலியோ சிவப்போ இல்லாமல் மெல்ல மங்கும் கருவிழிகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பிற்பாடு அதே கண்ணில் கண்புரை அறுவை செய்ய நேர்ந்தால், மிஞ்சிய அணுக்களை எண்ணிப் பார்க்காமல் செய்யக்கூடாது என்பதும் இதனால்தான்.

முழுத் தடிமனா, கெட்ட அடுக்கு மட்டுமா?

வெகுகாலம் ஒரே முறைதான் இருந்தது: நடுப்பகுதியை வட்டமாக வெட்டியெடுத்து, அதே அளவு தானத் துண்டை முழுத் தடிமனில் வைத்துத் தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் தைப்பது. இப்போது கெட்ட அடுக்கை மட்டும் மாற்ற முடிகிறது.

எண்டோதீலியம் மட்டும் கெட்டிருந்தால், நெதர்லாந்தின் கெரிட் மெல்லஸ் உருவாக்கிய டி.எம்.ஈ.கே. முறையில், ஊதினால் சுருண்டுகொள்ளும் அளவுக்கு மெல்லிய அந்தப் படலத்தை மட்டும் சிறு துளை வழியே செலுத்தி, காற்றுக் குமிழியால் உள்புறம் ஒட்டவைக்கிறார்கள். சென்னையின் அமர் அகர்வாலும் இங்கிலாந்தின் ஹர்மிந்தர் துவாவும் 2014இல் அறிமுகப்படுத்திய பி.டி.ஈ.கே. அதன் இன்னொரு வடிவம். 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஒப்பீட்டில் இரண்டாண்டுக்குள் நிராகரிப்பு நேர்ந்தது முழுத் தடிமன் முறையில் 18 விழுக்காடு, சற்றுத் தடித்த அடுக்கை வைக்கும் முறையில் 12 விழுக்காடு, டி.எம்.ஈ.கே.யில் 1 விழுக்காடு. பிறர் திசு எவ்வளவு குறைவாக வைக்கப்படுகிறதோ அவ்வளவுக்கு நோயெதிர்ப்பின் கவனமும் குறைகிறது.

கெரட்டோகோனஸில் நிலை நேர்மாறு. அங்கே சொந்த எண்டோதீலியம் நலமாக இருப்பதால் அதை அப்படியே விட்டு மேலடுக்குகளை மட்டும் மாற்றும் டால்க் முறை பொருந்தும். சொந்த அணுக்கள் பிறருடையவை அல்ல என்பதால் எண்டோதீலிய நிராகரிப்பு என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. ஆனால் ஆழம் வரை தழும்பேறிய கண்ணுக்கு இந்த அடுக்கு முறைகள் எதுவும் பொருந்தாது; 'புது முறையில் ஏன் செய்யவில்லை' என்று கேட்கும் முன் எந்த அடுக்கு கெட்டது என்று கேட்பது நல்லது.

நிராகரிப்பு: எப்படி வருகிறது, எப்படித் தெரிகிறது

சிறுநீரகத்துக்குப் பார்ப்பது போல இதற்கு ஏன் திசுப் பொருத்தம் பார்ப்பதில்லை என்று பலர் கேட்கிறார்கள். நலமான கருவிழியில் இரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் இல்லை. பிறர் திசு வந்த செய்தி நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு எட்டும் பாதையும், தாக்கும் அணுக்கள் வந்து சேரும் பாதையும் அங்கே அடைபட்டிருக்கின்றன. இடர் மிகுந்த கண்களிலும் எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளங்களின் பொருத்தம் பார்ப்பதால் பயனில்லை என்று 1992இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு கண்டது.

பாதை திறந்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். பழைய அழற்சியால் கருவிழிக்குள் குழாய்கள் வளர்ந்திருந்தால், குறிப்பாக நான்கில் இரண்டு கால்வட்டங்களிலோ அதற்கு மேலோ ஆழமாக வளர்ந்திருந்தால், அது இடர் மிகுந்த கண் எனக் கணக்கிடப்படுகிறது. தளர்ந்த தையல் ஒன்றே இந்தப் பாதையைத் திறந்துவிட முடியும். முனை வெளியே நீண்ட நைலான் இழையில் சளி போல அழுக்குச் சேரும். அதைச் சுற்றி வெண்புள்ளி தோன்றும். வெள்விழியிலிருந்து ஒரு செந்நிறக் குழாய் அந்த இழையை நோக்கி நீளும். கிருமியும் நிராகரிப்பும் உள்ளே வர அதுவே வழியாகிவிடும். ஐந்து நிமிடத்தில் அகற்றிவிடக்கூடிய ஓர் இழை அது. ஆனால் நோயாளி மருத்துவரிடம் வந்தால்தான் அகற்ற முடியும்.

எண்டோதீலிய நிராகரிப்பில் தாக்கும் வெள்ளணுக்கள் ஒரு கோடாக அணிவகுத்துக் கருவிழியைக் கடந்து செல்வதை நுண்ணோக்கியில் காணலாம். ஈரானிய மருத்துவர் கொடாடவுஸ்ட் பெயரால் அழைக்கப்படும் அந்தக் கோடு கடந்த பக்கம் மங்கியிருக்கும். கடக்காத பக்கம் தெளிவாக இருக்கும். அக்கோடு முழுவதும் கடக்கும் முன் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை அடிக்கடி விட்டு நிறுத்துவதே சிகிச்சை. நாள் கடக்கக் கடக்க அணுக்கள் மேலும் இறக்கும்; இறந்தவை திரும்பிவரா. நோயாளி கவனிக்க வேண்டியவை நான்கு: கண் சிவத்தல், வெளிச்சம் பார்க்கக் கூசுதல், பார்வை குறைதல், வலி. இவற்றில் ஒன்று வந்து ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. முதல் இரண்டாண்டுகளில் இது அதிகம் என்றாலும் இருபது ஆண்டு கழித்தும் வரக்கூடும்.

மருந்தே தரும் சிக்கல்

நிராகரிப்பைத் தடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிலருக்குக் கண்ணின் உள்ளழுத்தத்தை ஏற்றிவிடும். இவ்வாறு வரும் குளுக்கோமா வலிக்காது. பார்வை நரம்பை அரித்துக்கொண்டே போகும், எண்டோதீலிய அணுக்களையும் குறைக்கும். நரம்பு போன பின் எத்தனை கருவிழி மாற்றினாலும் பார்வை திரும்பாது. எனவே சொட்டு மருந்தைத் தானாக நிறுத்துவதும் தவறு. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி, அழுத்தம் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டுக்கொண்டிருப்பதும் தவறு. இரண்டுக்கும் இடையில் இருக்கும் ஒரே வழி பரிசோதனைக்கு வந்துபோவது.

அங்கேதான் மருத்துவம் சாராத காரணி குறுக்கிடுகிறது. கிராமத்திலிருந்து நகரத்து மருத்துவமனைக்கு வர ஒருநாள் கூலி போகும், பேருந்துச் செலவு ஆகும், பார்வை குறைந்தவருக்குத் துணையாக வருபவரின் கூலியும் போகும். கண் தெளிவாகத் தெரியும் காலத்தில் இந்தச் செலவைச் செய்ய யாருக்கும் மனம் வராது. இதை நோயாளியின் அலட்சியம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுவது நியாயமல்ல. அருகிலுள்ள ஊரிலேயே அழுத்தமும் தையலும் பார்க்கும் வசதி இருந்தால், அதுவும் கருவிழியின் ஆயுளைக் கூட்டும் சிகிச்சைதான்.

தையல் போட்ட வடு பழைய உறுதியை ஒருநாளும் முழுதாக அடைவதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். முழுத் தடிமன் அறுவை செய்த கண்ணில் பல ஆண்டு கழித்துக் கிரிக்கெட் பந்தோ மாட்டின் கொம்போ பட்டால், அந்த வட்டக்கோட்டிலேயே கண் பிளந்துவிடலாம். வயலிலும் பட்டறையிலும் பாதுகாப்புக் கண்ணாடி அணியச் சொல்வது இதற்காகவே.

மங்கிய பின் என்ன?

மீண்டும் மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் வாய்ப்பு குறையும், ஏனெனில் முந்தைய அழற்சி குழாய்களையும் நினைவுகொண்ட நோயெதிர்ப்பு அணுக்களையும் விட்டுச்சென்றிருக்கும். விதிவிலக்கு ஒன்று உண்டு: எண்டோதீலியம் மட்டும் தீர்ந்துபோய், பழைய கருவிழியின் வடிவம் நன்றாக இருந்தால், அதன் உள்புறம் மெல்லிய படலத்தை மட்டும் புதிதாக ஒட்டலாம், முழுவதையும் வெட்டியெடுக்க வேண்டியதில்லை. பலமுறை தோற்ற கண்களுக்குச் செயற்கைக் கருவிழி உண்டு; அதற்கு வாழ்நாள் கண்காணிப்பு தேவை.

116 நாடுகளில் 2012இல் நடந்த அறுவைகளைக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று, உலகில் 1 கோடியே 27 லட்சம் பேர் கருவிழிக்காகக் காத்திருப்பதாகவும், எழுபது பேருக்கு ஒன்றுதான் கிடைப்பதாகவும் மதிப்பிட்டது. மங்கிப்போன ஒவ்வொரு கருவிழியும் ஒருவரை மீண்டும் அந்த வரிசையில் நிறுத்துகிறது. ஜப்பானின் கியோட்டோவில் ஷிகேரு கினோஷிடாவின் குழு, தானமாக வந்த எண்டோதீலிய அணுக்களை ஆய்வகத்தில் பெருக்கி ஊசியால் கண்ணுக்குள் செலுத்தி 11 பேரின் கருவிழியைத் தெளிவித்த விவரம் 2018இல் வெளியானது. 2023இல் ஜப்பான் அதற்கு அனுமதி அளித்தது. ஒரு கொடையாளியின் அணுக்கள் பலருக்குப் பயன்படும் வழி அது. தழும்பேறிய கருவிழிக்கும் சுண்ணாம்பில் வெந்த கண்ணுக்கும் அந்த ஊசி உதவாது. அவர்களுக்கு இன்னும் முழுத் திசுவும், அதைத் தாங்கும் மேற்பரப்பும், பல ஆண்டுப் பின்தொடர்தலும் தேவைப்படுகின்றன.